ஜெயலெட்சுமி மடித்து வைத்த கோடிச் சேலை

8.3.2024. கராச்சியிலிருந்து பார்சல். சேலை ஒன்று. சுங்கக் கட்டணம் 18.40 மலேசிய வெள்ளி.
19.11.2024. நாகப்பட்டினத்துக்குக் கடிதம். 2.00 வெள்ளி.
6.1.2025. கராச்சிக்குக் கடிதம். 2.00 வெள்ளி.
14.5.2025. நாகப்பட்டினத்துக்குப் பதிவுத் தபால். 13.20 வெள்ளி.
11.8.2025. இந்திய விசா விண்ணப்பம், இரண்டு பேர். 870.00 வெள்ளி.
29.11.2025. பினாங்கு – சென்னை விமானம், ஓர் ஆள். 612.00 வெள்ளி.

இவை ஜெயலெட்சுமியின் கணக்கு. எழுதி வைத்தது நான். பினாங்கில், ஆயர் ஈத்தாம் ரைபிள் ரேஞ்ச் அடுக்குமாடியின் ஒன்பதாவது மாடியில், அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் இரண்டே கதவுகள். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இருபத்து நான்கு வருடம் நுண்ணோக்கியில் குனிந்து, தலைமுடியைவிட மெல்லிய கம்பிகளை ஒட்டியவர் அவர். ஓய்வு பெற்றபோது சின்ன எழுத்து எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. வருகிற கடிதத்தை வாசித்துக் காட்டுவதும், போகிற உறைமேல் விலாசம் எழுதுவதும் அப்படித்தான் என்னிடம் வந்தன. பினாங்கு ஸ்திரீட்டில் கணக்கப்பிள்ளையாக இருந்தவன் என்பதால் தேதியையும் செலவையும் சேர்த்தே எழுதிவிடுவேன்.

ஜெயலெட்சுமி பிறந்தது கராச்சியில். அவருடைய தகப்பனார் நாகப்பட்டினத்திலிருந்து துறைமுக வேலைக்குக் கப்பலேறிப் போனவர். நாடு இரண்டானபோது துறைமுகம் அங்கே இருந்தது, வேலையும் அங்கே இருந்தது, அவரும் இருந்துவிட்டார். பிள்ளைகள் மூன்று பேர். மூத்தவர் பிச்சைமுத்து, அடுத்தவர் துளசி, கடைசி ஜெயலெட்சுமி. 1965 தை மாதம் துளசியை நாகப்பட்டினத்தில் தாய்மாமன் மகனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். ஆடிச் சீர் கொண்டுபோகக் காசு சேரவில்லை, தீபாவளிக்குப் போகலாம் என்று பிச்சைமுத்து இருந்தார். ஆவணியில் சண்டை மூண்டது. அதற்குப் பிறகு அவர் தங்கையைப் பார்க்கவே இல்லை.

ஜெயலெட்சுமியை 1976இல் பினாங்குக்காரர் பக்கிரிசாமிக்குக் கொடுத்தார்கள். அவருக்குச் சரக்குக் கப்பலில் இயந்திர அறை வேலை. கராச்சியில் கப்பல் நின்றபோது அங்கிருந்த மாரியம்மன் கோயிலுக்குக் கும்பிடப் போய், பெண் பார்த்துவிட்டு வந்தவர். இப்படித்தான் மூன்று பிள்ளைகளும் மூன்று நாட்டுக்காரர்கள் ஆனார்கள்.

ஜெயலெட்சுமி இங்கே வந்த முதல் வருடத்திலிருந்தே இந்தத் தபால் வேலை தொடங்கிவிட்டது. கராச்சிக்கும் நாகப்பட்டினத்துக்கும் நேரே எழுதிக்கொண்டால் கடிதம் தொலையும், அல்லது பிரித்துப் பார்த்த அடையாளத்தோடு மூன்று மாதம் கழித்து வரும். அதனால் பிச்சைமுத்து பினாங்குக்கு எழுதுவார். உள்ளே ஜெயலெட்சுமிக்கு ஒரு தாள், துளசிக்கு ஒரு தாள். துளசியின் தாளை எடுத்து வேறு உறையில் போட்டு, மலேசியத் தபால்தலை ஒட்டி நாகப்பட்டினத்துக்கு அனுப்புவார்கள். பதிலும் அதே வழிதான். கடிதங்களில் ஊர்ப்பெயர் வராது. நாகப்பட்டினம் ‘அக்கா வீடு’, கராச்சி ‘அண்ணன் வீடு’.

கைத்தொலைபேசி வந்த பிறகும் இது மாறவில்லை. பிச்சைமுத்துவுக்குக் காது போய்விட்டது. துளசியின் மகன் நாராயணனுக்கு ரயில்வேயில் வேலை. தன் எண்ணில் கராச்சி எண் ஏறினால் யார் வந்து என்ன கேட்பார்களோ என்று பயம். கராச்சியில் பிச்சைமுத்துவின் மருமகளுக்கும் அதே பயம். அங்கே போனில் நலம் விசாரிக்கலாம், துளசியின் பெயரை மட்டும் எடுக்கக்கூடாது.

இருவரையும் பினாங்குக்கு வரவழைத்துவிட ஜெயலெட்சுமி முயன்றதுண்டு. அது 2012இல். பக்கிரிசாமி அப்போது உயிரோடு இருந்தார், கையில் சேமிப்பும் இருந்தது. பிச்சைமுத்து எழுதிய பதில் எனக்கு நினைவிருக்கிறது. ‘தங்கச்சி வாசலுக்குத் தட்டோடு போகிறவன்தான் அண்ணன். மூன்றாம் வீட்டில் நின்று கொடுத்தால் அது சீரா? நாங்கள் வழி திறக்கும்வரை இருக்கிறோம்.’ துளசியும் அதையே எழுதினார். 2008இல் ஒருமுறை வழி திறந்து, பிச்சைமுத்துவுக்கு விசாவும் கிடைத்து, மார்கழியில் புறப்படுவதாக இருந்தார். கார்த்திகையில் மும்பையில் துப்பாக்கிச் சூடு நடந்தது. விசா காலாவதியாயிற்று. அவ்வளவு நெருங்கி வந்ததால்தான் இன்னொரு தடவையும் வரும் என்று இருவரும் நம்பினார்கள் போலும்.

2024 மார்ச்சில் அந்தப் பார்சல் வந்தது. அரக்கு நிறப் பட்டுச் சேலை, பொன் கரை. கராச்சியில் சேலை கட்டுகிறவர்கள் குறைவு. நெசவுக்காரர்கள் இருக்கிற பகுதிக்கு இரண்டு பஸ் மாறிப் போய் வாங்கியதாகப் பிச்சைமுத்து எழுதியிருந்தார். கூடவே நான்கு வரி. ‘இது துளசிக்கு. எப்போதைக்கு என்று உனக்குத் தெரியும். எனக்கு எண்பத்தொன்று ஆகிறது. பேச்சு நடந்து வழி திறந்தால் நானே வந்து வாங்கிக்கொண்டு போவேன். இல்லாவிட்டால் நீ கொண்டு போ.’

கல்யாணமான பெண் இறந்தால், பிறந்த வீட்டிலிருந்து புதுச்சேலை வந்து உடல்மேல் விழ வேண்டும். அதைத்தான் கோடி என்பது. அண்ணனோ தம்பியோ கொண்டுவந்து போடுவார்கள். அது வராமல் எடுத்தால், நாதியில்லாமல் போனாள் என்று ஊர் சொல்லும். உயிரோடு இருக்கிறவளுக்கு அதை முன்கூட்டிக் கொடுக்கவும் முடியாது. கொடுத்தால் சாகச் சொல்வதற்குச் சமம். கராச்சியிலிருந்து ஒரு பகலில் நாகப்பட்டினம் போய்ச் சேரவும் முடியாது. பிச்சைமுத்து கண்டுபிடித்த வழி பினாங்கு.

“நாலு மணி நேர விமானம்தான் அண்ணே,” என்றார் ஜெயலெட்சுமி. “தகவல் வந்தா அன்னிக்கே ஏறிடுவேன். இப்பல்லாம் மலேசியாக்காரங்களுக்கு விசா கையில இருக்கிற போன்லயே வந்துருதாம்லா.”

சேலையை வெள்ளைத் துணியில் சுற்றி அலமாரியின் மேல்தட்டில் வைத்தார். பட்டு ஒரே மடிப்பில் கிடந்தால் மடிப்போடு கிழிந்துவிடும். அதனால் தை பிறந்ததும் ஒருமுறை, ஆடி முடிந்ததும் ஒருமுறை எடுத்து மடிப்பை மாற்றுவார். கோடிக்கு மஞ்சள் படக்கூடாது என்று அன்றைக்குக் கையை இரண்டு தடவை சவர்க்காரம் போட்டுக் கழுவுவார்.

2025 சித்திரையில் காஷ்மீரில் சுற்றுலாப் பயணிகளைச் சுட்டுக் கொன்றார்கள். அதன்பின் எல்லைக் கதவு, விசா, தபால், வான்வழி என்று ஒவ்வொன்றாக மூடின. மே மாதம் நான்கு நாள் சண்டை. அந்த நான்கு நாளும் ஜெயலெட்சுமி சோறு வடிக்கவில்லை. பத்தாம் தேதி சண்டை நின்றது. இரண்டு நாடும் பொதுவான ஓரிடத்தில் உட்கார்ந்து பேசப் போவதாகச் செய்தியில் சொன்னார்கள். அவர் கதவைத் தட்டிக்கொண்டு வந்தார்.

“அண்ணே, கேட்டீங்களா? பொது இடமாம். எங்கேன்னு சொன்னாங்களா?”

“சொல்லலையே.”

“இங்கேயே வைக்கட்டும். கொம்தார் கட்டடத்துல வைக்கட்டும். நான் தே தாரிக் ஆத்திக் குடுக்கிறேன், ரெண்டு பேருக்கும்.”

“சீனி கம்மியா போடு. ரெண்டு பேருக்கும் வயசாயிருச்சு.”

சிரித்தார். அந்த வருடம் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அது ஒரு தடவைதான். பதினான்காம் தேதி துளசிக்குப் பதிவுத் தபால் போனது. பொறுத்திரு, அண்ணன் வந்துவிடுவார் என்பதுதான் சாரம்.

பேச்சு நடக்கவில்லை. ஜூலையில் நாராயணன் கூப்பிட்டுத் தன் தாயாருக்குச் சிறுநீரகம் இரண்டும் சுருங்கிவிட்டது, வாரம் இரண்டு நாள் ரத்தம் சுத்தம் செய்கிறோம், டாக்டர் கெடு எதுவும் சொல்ல மாட்டேன் என்கிறார் என்றார். அன்றைக்கே ஜெயலெட்சுமி தன் மகன் லோகேஸ்வரனைக் கூப்பிட்டார். அவருக்குப் பத்து காவான் என்ற ஊரில், தொழிற்சாலை மேற்பார்வையாளர் வேலை. மாலையில் வந்து, மடிக்கணினியை மேசையில் வைத்து, விசாப் படிவத்தை நிரப்பத் தொடங்கினார்.

“மா, பிறந்த இடம் கராச்சின்னு போட்டா இது மேல போக மாட்டேங்குது.”

“ஏன்?”

“பாகிஸ்தான்ல பிறந்தவங்களுக்கு ஆன்லைன் விசா இல்லையாம். பேப்பர்லதான் போடணும். நாளாகுமாம்.”

“அப்ப நீ போ. நீதான் மாமன் சார்பா நிக்கணும்.”

லோகேஸ்வரன் படிவத்தைக் கீழே நகர்த்தி வாசித்தார். “எனக்கும் இல்லம்மா. அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி யாராச்சும் அங்க பிறந்தாங்களான்னு கேக்குது. நான் பிறந்தது ஜெனரல் ஆஸ்பத்திரிலலா! பாகிஸ்தான் கிரிக்கெட்கூட நான் பாத்ததில்ல.”

“பொய் எழுதாத.”

“யார் எழுதப் போறா?”

“எழுதாத. நாளைக்கு உன் பிள்ளையையும் உக்கார வச்சுக் கேப்பான்.”

ஆகஸ்ட் பதினொன்றில் இருவரும் காகித விண்ணப்பம் கொடுத்தார்கள். விசாரணையில் இருக்கிறது என்ற பதில்தான் ஒவ்வொரு தடவையும் வந்தது. நாலு மணி நேர விமானம் என்று நம்பி ஒன்றரை வருடம் அந்தச் சேலையைக் காத்தவருக்கு, அந்த விமானத்தில் ஏற முடியாது என்பது அப்போதுதான் தெரிந்தது. முன்பு 1988இலும் 2006இலும் அவர் நாகப்பட்டினம் போய் வந்திருந்தார். அப்போதும் விசாவுக்கு மாதக்கணக்கில் காத்திருந்தார். அப்போது எல்லாருக்குமே அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டாராம்.

இதற்கிடையில் ஜூலை கடைசியில் தாய்லாந்தும் கம்போடியாவும் எல்லையில் சண்டையிட்டு, ஐந்தாம் நாள் இங்கே மலேசியாவில், புத்ராஜெயாவில் வந்து உட்கார்ந்து நிறுத்தினார்கள். ஜெயலெட்சுமி அந்தச் செய்தியைத் தொலைக்காட்சியில் மூன்று வேளையும் பார்த்தார். கை குலுக்குகிற இடம் வரும்போது ஒலியைக் கூட்டுவார்.

“பாருங்கண்ணே, பக்கத்துப் பக்கத்து நாடு. எத்தனை வருஷத்துப் பகை. நம்ம வீட்டுக்கு வந்து பேசிட்டுப் போறாங்க. இவங்களுக்கு மட்டும் என்னவாம்?”

தாய்லாந்து எல்லையில் திரும்பவும் குண்டு விழுந்ததை வருடக் கடைசியில் செய்தித்தாளில் பார்த்தபோது, அந்தப் பக்கத்தை அவரிடம் வாசிக்காமல் மடித்துவிட்டேன்.

ஐப்பசியில் துளசி இரண்டு தடவை மருத்துவமனையில் கிடந்தார். தேவகோட்டையில் என் அண்ணன் மகன் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு நான் நவம்பர் இருபத்தொன்பதில் போவதாக இருந்தது. புறப்பட இரண்டு நாள் இருக்கும்போது ஜெயலெட்சுமி கூப்பிட்டனுப்பினார். போனேன். மேசைமேல் வெள்ளைத் துணி பிரிந்து கிடந்தது, சேலை வெளியே இருந்தது. பக்கத்தில் ஒரு சின்னக் கிண்ணத்தில் மஞ்சள் குழைத்து வைத்திருந்தார். லோகேஸ்வரன் நின்றுகொண்டிருந்தார்.

“கார்த்திகை தீபம் டிசம்பர் மூணு,” என்றார் ஜெயலெட்சுமி. “கூடப்பிறந்தவளுக்கு அண்ணன் கார்த்திகைச் சீர் குடுக்கிறது உண்டா இல்லையா?”

“உண்டு.”

“அப்ப இது சீர்தான். நீங்க கொண்டு போய்க் குடுத்துருங்க. உங்க டிக்கெட் காசை என் கணக்குல எழுதுங்க.”

லோகேஸ்வரனுக்கு அது பிடிக்கவில்லை. “மாமா என்ன சொல்லி அனுப்பினாருன்னு யோசிம்மா. மஞ்சள் வச்சிட்டா அது கோடிக்கு ஆகாது. நாளைக்கு அங்க ஒண்ணு ஆயிட்டா எதைப் போடுவாங்க?”

“தெரியும்.”

“மாமாவை ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செய்யலாம்.”

“கடுதாசி போயிட்டு வர ரெண்டு மாசம் ஆவும். போன்ல எப்படிக் கேக்கிறது? அண்ணன் மருமககிட்ட ‘கோடி’ன்னு சொன்னா யாருக்குன்னு கேக்கும். யாருன்னு சொன்னா அது போனையே வச்சிரும்.”

“பேச்சு நடந்து மாமாவே வந்தா?”

ஜெயலெட்சுமி மகனை நிமிர்ந்து பார்த்தார். “அறுபது வருஷமா நடக்கப் போவுது, நடக்கப் போவுதுன்னுதான் சொல்றாங்க. நான் அதை நம்பி இதை அவ சாவுக்கு வச்சிருக்கேன். என் அக்கா எப்ப சாவான்னு காத்துக்கிட்டு இருக்கேன்டா நான். மடிப்பு மாத்திக்கிட்டு.”

மோதிர விரலால் மஞ்சளைத் தொட்டார். முந்தானையின் ஒரு மூலையில் வைத்தார். பொட்டு நீளமாகிவிட்டது. மற்ற மூலையில் வட்டமாகவே வைத்தார்.

டிசம்பர் இரண்டாம் தேதி நான் பஸ்ஸில் நாகப்பட்டினம் போய்ச் சேர்ந்தேன். ஜெயலெட்சுமி சொன்னபடியே கடைத்தெருவில் ஒரு எவர்சில்வர் தட்டு வாங்கி, வெற்றிலை, பாக்கு, பழம், பொரி, வெல்லம் வைத்து, மேலே சேலையை வைத்து வாசலில் நின்றேன். நாராயணன் தாயாரைக் கைத்தாங்கலாக அழைத்துவந்தார். துளசி மெலிந்து, முழங்கை வரை ஊசிக் காயத்தோடு இருந்தார். முகம் அப்படியே ஜெயலெட்சுமி.

“உள்ள வாங்கண்ணே. வாசல்ல நின்னா அண்ணனா ஆயிடுவீங்களா?” என்றார்.

“அண்ணன் குடுத்தனுப்பினதும்மா. வாசல்ல வச்சுத்தான் குடுக்கணும்னு உத்தரவு.”

தட்டை இரண்டு கையாலும் வாங்கினார். கனம் தாங்கவில்லை, மகன் அடியில் பிடித்துக்கொண்டார். உட்கார்ந்ததும் சேலையை எடுத்து முகத்தருகே வைத்துப் பார்த்தார்.

“பூச்சி உருண்டை வாசம். ரொம்ப நாளா பெட்டில இருந்துச்சோ?”

“கொஞ்ச நாள் இருந்தது.”

முந்தானையை இழுத்து மூலையைத் தடவினார். “மஞ்சள் யாரு வச்சா? ஜெயாவா?”

“ஆமாம்.”

“இத எதுக்கு எங்கண்ணன் எடுத்தாருன்னு எனக்குத் தெரியும்ணே. சீருக்கு எடுக்கிறவரு ரவிக்கைத் துணி இல்லாம எடுப்பாரா?” என் சங்கடத்தைப் பார்த்துச் சிரித்தார். “பரவால்ல. நானே கட்டிப் பாத்துர்றேன். அப்பறம் கட்டிவிடுறவளுவ முந்தானைய ஒழுங்கா விடமாட்டாளுவ.”

மறுநாள் தீபத்துக்கு அதைக் கட்டிக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்தபடியே நிலைப்படியில் ஒரு அகல் வைத்தார். நாராயணன் எடுத்த படத்தை அன்றே ஜெயலெட்சுமிக்கு அனுப்பினார். ஜெயலெட்சுமி அதைக் கடையில் கொடுத்துப் பெரிதாக்கி வாங்கிக்கொண்டார். போன் திரையில் பார்த்தால் அவர் கண்ணுக்குத் தெரியாது. மார்கழி வெள்ளிக்கிழமைகளிலும் துளசி அந்தச் சேலையைத்தான் கட்டியதாக நாராயணன் சொன்னார்.

2026 ஜனவரி பதினொன்று, ஞாயிற்றுக்கிழமை, துளசி இறந்தார். பொங்கலுக்கு நான்கு நாள் இருந்தது. விசா அன்றைக்கும் விசாரணையில்தான் இருந்தது. நாராயணன் போனைப் பக்கத்தில் வைத்து, நடப்பதை ஜெயலெட்சுமிக்குக் காட்டிக்கொண்டிருந்தார். பினாங்கில் நானும் லோகேஸ்வரனும் அவர் பக்கத்தில் இருந்தோம். குளிப்பாட்டி முடிந்ததும் ஒரு வயதான அம்மாள் குரல் கேட்டது. “பொறந்த வீட்டுக் கோடி யாரு?”

யாரோ அந்த அரக்குச் சேலையை நீட்டினார்கள். துவைத்துக் கட்டினது, அது கோடி ஆகாது என்று அதே குரல் சொன்னது. கடையில் ஒன்று எடுத்துவரலாம், யாராவது அண்ணன் முறையில் போடட்டும் என்றார் இன்னொருவர். நாராயணன் மறுத்துவிட்டார். “எங்க மாமா இருக்காரு. வர முடியல. அவ்வளவுதான்.” துளசியை அந்தத் துவைத்த சேலையிலேயே எடுத்தார்கள். பிறந்த வீட்டுக் கோடி விழவில்லை.

ஜெயலெட்சுமி அழுதார், ஆனால் சத்தம் வரவில்லை. போன் அணைந்த பிறகு, “இது நான் பண்ணினது,” என்றார். லோகேஸ்வரன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை பொறுக்க வேண்டாம், அண்ணனுக்கு இப்போதே எழுதிவிடலாம் என்று என்னை உட்காரவைத்தார். போனில் சொல்லக் கூடாத பெயர், சாவிலும் சொல்லக் கூடாததாகவே இருந்தது. இரண்டு செய்தி எழுத வேண்டும். துளசி இல்லை என்பது ஒன்று. கோடி விழவில்லை, சேலையை நான் முன்பே கொடுத்துவிட்டேன் என்பது மற்றது.

“எதை முதல்ல எழுத?” என்று கேட்டேன்.

“துளசிய.” நான் பேனாவை எடுத்ததும், “இல்ல, சேலைய. அதுக்கு அவரு என்னைத் திட்டட்டும். திட்டி முடிச்சப்புறம் மத்ததை வாசிக்கட்டும்.”

அந்தத் தாள் ‘அன்புள்ள அண்ணனுக்கு’ என்ற வரியோடு பல நாள் என் மேசையில் இருந்தது. ஒவ்வொரு மாலையும் வருவார், உட்காருவார், எழுந்து போய்விடுவார். கீழே தெருவில் தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலுக்குக் கம்பு நட ஆரம்பித்திருந்தார்கள்.

அப்போது கராச்சியிலிருந்து கடிதம் வந்தது. பிச்சைமுத்து ஜனவரி இரண்டாம் தேதி எழுதியது. வழக்கம்போல இரண்டு தாள். நான் வாசித்தேன்.

ஜெயலெட்சுமிக்கு: ‘தை பிறந்துவிடும். மடிப்பை மாற்ற மறக்காதே.’

துளசிக்கு: ‘கோயிலில் எல்லாரும் பேசிக்கொள்கிறார்கள், இந்த வருடம் பேச்சு கட்டாயம் நடக்குமாம். பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கக் கொடுத்துவிட்டேன். வாசலில் வந்து நிற்கும்போது ஆள் அடையாளம் தெரியவில்லை என்று சொல்லிவிடாதே. தலை முழுக்க நரைத்துவிட்டது, பல் இல்லை. உயரம் மட்டும் அப்படியே இருக்கிறது.’

ஜெயலெட்சுமி துளசியின் தாளை என்னிடமிருந்து வாங்கினார். பழக்கத்தில் புது உறை ஒன்றை எடுத்துவிட்டேன். அவர் தலையை ஆட்டினார். அதை உறைக் கட்டுக்குள்ளேயே திரும்ப வைத்தேன்.

துளசியின் பெயருக்கு வந்த கடைசிக் கடிதம் அது. வந்து சேர்ந்த தேதி 27.1.2026.